ஆடாத முகமூடிகள்

மாலிப் பேரரசின் தலைநகரம். ஹிஜ்ரி 753-ஆம் ஆண்டு. கிறிஸ்தவக் கணக்கில் 1352-ஆம் ஆண்டின் பிற்பகுதி. பெருநாள் தொழுகை நிறைவேறி, அசர் வேளையும் கழிந்தபின் மன்னர் மன்ஸா சுலைமான் மேடையில் வீற்றிருக்கிறார். அவருக்கு முன்னே புலவர்கள் வந்து நிற்கின்றனர். ஒவ்வொருவரும் பறவையிறகுகளால் ஆன ஒரு கூட்டுக்குள் புகுந்திருக்கிறார். அக்கூட்டின் மேல் மரத்தாலான தலை; அத்தலையில் சிவந்த அலகு. பார்ப்பவர் சிரிக்கத் தக்க அக்கோலத்தில் நின்றுகொண்டு அவர்கள் மன்னருக்கு அறிவுரை கூறுகின்றனர். இதே மேடையில் முன்னர் அமர்ந்த இன்ன மன்னர் இன்ன நற்செயல் செய்தார், நீரும் உமக்குப்பின் நினைக்கப்படும் செயலைச் செய்க என்ற கருத்தில். பின்னர் புலவர் தலைவர் மேடையேறித் தம் தலையை மன்னரின் மடியிலும், அடுத்து இரு தோள்களிலும் மாறிமாறி வைத்துவிட்டு இறங்குகிறார்.

இக்காட்சியை நேரில் கண்டு அரபு மொழியில் சொல்லிவைத்தவர் இப்னு பதூதா. மஃபர் எனப்பட்ட நம் கரைக்கும் மதுரைச் சுல்தான்களின் காலத்தில் வந்து சென்றவர் அவர்; மார்க்கச் சட்டம் கற்றவர், காழியாகப் பதவி வகித்தவர். இறகுக் கோலத்தை அவர் பாராட்டவில்லை. மாலி மக்களிடம் தாம் வெறுத்த பழக்கங்களைக் கணக்கெடுக்கும்போது புலவர்களின் இந்த வேடிக்கையையும் சேர்த்துக்கொண்டார். அதே பக்கங்களிலேயே அவர்களுடைய தொழுகைப் பற்றையும், குர்ஆனை மனனம் செய்யத் தவறிய பிள்ளைகளுக்கு விலங்கிட்டுவைக்கும் அளவுக்கு அதில் அவர்கள் காட்டிய கண்டிப்பையும் மனமாரப் புகழ்ந்தார். இவ்வழக்கம் இஸ்லாத்துக்கு முன்பிருந்தே தொடர்வது என்று தமக்குச் சொல்லப்பட்டதையும் மறைக்காமல் பதிந்தார்.

மேற்கு ஆப்பிரிக்க முகமூடியைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று இது. இதனை நம் வாசகர் ஒரு கணம் கூர்ந்து நோக்க வேண்டும். எவர் அணிந்தார், எந்த நாளில் அணிந்தார், எவர் முன்னிலையில் நின்றார், நின்று என்ன சொன்னார், அவையின் வழக்கம் யாது, அதன் பழைமை எத்தகையது — அத்தனையும் இதில் உள. வெறுத்தவர் எழுதிய குறிப்பு இது. இனி, விரும்பியவர்கள் எழுதிய குறிப்பைப் பார்ப்போம். ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் ஆப்பிரிக்க முகமூடிகளின் கீழ் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டுகளில் பெரும்பாலும் காணக் கிடைப்பவை ஓர் இனத்தின் பெயர், ஒரு நாட்டின் பெயர், மரம், நிறமி, நார் என்ற பொருள்களின் பட்டியல், கொடை வழங்கியவரின் பெயர் ஆகியவையே. செதுக்கியவரின் பெயர் அரிது. ஆடியவரின் பெயர் அதனினும் அரிது. கொடுத்தவரின் பெயர் மட்டும் தவறுவதேயில்லை.

இந்தச் சேகரிப்பு வேட்கை எப்படிப் பிறந்தது என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. ஆதலின் விரைந்து கடப்போம். பாரிஸ் மாநகரில் 1878-இல் அமைந்த ட்ரோகடெரோ இனவியல் அருங்காட்சியகத்தில் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்த பொருள்கள் குவிந்தன. 1907-இல் பிக்காஸோ அங்குச் சென்று திகைத்து நின்றார். அதன்பின் ஓவியர்களும் வணிகர்களும் முகமூடிகளை வாங்கத் தொடங்கினர். நேற்றுவரை ‘காட்டுமிராண்டிப் பொருள்’ என்று சொன்ன நாவே அதனைக் ‘கலை’ என்று சொல்லலாயிற்று. பெயர் உயர்ந்தது, உடைமையாளர் மாறவில்லை. 1897-இல் பிரிட்டிஷ் படை பெனின் நகரைத் தாக்கி அரண்மனையிலிருந்து அள்ளிச் சென்ற ஆயிரக்கணக்கான பித்தளை, தந்த வேலைப்பாடுகளில் ஏறத்தாழ 900 இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜெர்மனி 2022-இல் தன்னிடமிருந்தவற்றின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. லண்டன் அருங்காட்சியகமோ 1963-ஆம் ஆண்டின் சட்டம் தன் கையைக் கட்டியிருப்பதாகக் கூறுகிறது. அந்தச் சட்டத்தை இயற்றியதும் அவர்களுடைய பாராளுமன்றம்தான் என்பதை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

அறிவுக்காகச் சேகரித்தோம் என்பாரின் கதையும் வேறன்று. 1931 முதல் 1933 வரை டக்காரிலிருந்து ஜிபூத்திவரை ஆப்பிரிக்காவைக் குறுக்காகக் கடந்த பிரெஞ்சு ஆய்வுக்குழுவுக்கு மார்ஸல் கிரியோல் தலைவர். எழுத்தர் மிஷெல் லெரிஸ் என்னும் இளங்கவிஞர். லெரிஸ் நாள்தோறும் குறிப்பு எழுதினார். 1934-இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். இன்றைய மாலி நாட்டுச் சிற்றூர்களில் 1931 செப்டம்பரில் கோனோ என்னும் வழிபாட்டுக்குரிய புனிதப் பொருள்களை ஊரார் அஞ்சி விலகி நிற்க, மிரட்டி எடுத்து வந்த நிகழ்ச்சியை அந்நூலில் அவரே ஒளிவுமறைவின்றி விவரிக்கிறார். தம் நெஞ்சு படபடத்ததையும் எழுதுகிறார். கிரியோலுக்கு இந்நூல் பெருஞ்சினம் மூட்டியது. திருட்டு நடந்ததற்காக அன்று, திருட்டு அச்சேறியதற்காக. லெரிஸின் நேர்மையை நாம் மதிக்கிறோம். எனினும் எடுத்த பொருளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கும் அளவுக்கு அந்த நேர்மை நீளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால், இவ்வளவும் பிறர் குற்றம். நம்மைப் பற்றியும் பேசாமல் இவ்விஷயம் முழுமையடையாது.

ஆப்பிரிக்கக் கலை பற்றி எழுதிய ஐரோப்பிய அறிஞர்களிடையே நெடுங்காலம் ஒரு முடிவு நிலவியது: இஸ்லாம் எங்கு நுழைந்ததோ அங்கு முகமூடி மடிந்தது. ஆதலின் முஸ்லிம் ஊர்களில் சேகரிப்பாளர் தேடவும் இல்லை. தேடிக் கிடைத்தவிடத்து அதனை முஸ்லிம்களுடையது என்று குறிக்கவும் இல்லை. இம்முடிவை அசைத்த நூல், ரெனே பிராவ்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1974-இல் வெளியிட்ட ‘மேற்கு ஆப்பிரிக்காவில் இஸ்லாமும் பழங்குடிக் கலையும்’ என்பது. ஐவரி கோஸ்ட்டின் பொண்டுக்கு வட்டாரத்திலும் அதையடுத்த கானாவின் மேற்குப் பகுதியிலும் தங்கிக் கண்டவற்றை அவர் எழுதினார். அங்கு வாழும் லிக்பி மக்கள் முஸ்லிம்கள். அவர்களிடையே ‘டோ’ என்னும் முகமூடி ஆட்டம் உண்டு. அழகுற மெருகேற்றிய சிறு முகங்கள். சிலவற்றில் பறவை அலகு. அவை வெளிவரும் நாள்கள் யாவை? நோன்பு முடிந்து வரும் பெருநாளும், ஹஜ்ஜுப் பெருநாளும், ஊர்ப் பெரியவர் மறைந்த துக்க நாளும். இப்னு பதூதா கண்ட சிவந்த அலகை அறுநூறு ஆண்டுகளுக்குப்பின் வேறோர் ஊரில் மீண்டும் காண்பதுபோல் இருக்கிறது. இரண்டும் ஒரே மரபு என்று நான் சொல்லத் துணியவில்லை. பெருநாளும் அலகும் சேர்ந்து நிற்பதைச் சுட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிராவ்மனின் நூல் நன்று. ஆயினும் ஒரு குறை. தலைப்பிலுள்ள ‘பழங்குடி’ என்ற சொல் உள்ளே அவர் காட்டும் மக்களுக்குப் பொருந்தவில்லை. அவ்வட்டாரத்து முஸ்லிம்கள் நெடுந்தொலை வணிகர். பள்ளிவாசலும் மதரஸாவும் எழுப்பியவர். அரபு எழுத்தறிந்த ஆலிம்களைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்றவர். காயல்பட்டினத்து வணிகரையோ கீழக்கரை மரைக்காயரையோ ‘பழங்குடி’ என்று ஒருவர் நூலுக்குப் பெயரிட்டால் நாம் வாளாவிருப்போமா? சேகரிப்பாளரின் சொல்லகராதி ஆய்வாளரின் பேனாவிலும் ஒட்டிக்கொண்டது.

இங்கு வாசகர் கேட்பார்: மார்க்கம் இதை ஒப்புமா? ஆலிமாகிய நீர் இதற்கு வக்காலத்து வாங்குகிறீரா? கேட்க வேண்டிய கேள்விதான். உருவம் அமைப்பதைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் வெளிப்படையானவை. அவற்றைச் சுற்றி வளைத்துப் பொருள் கொள்ள நான் முன்வரவில்லை. மறுபுறம், பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டியேந்தி ஆடியதும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காமல் ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் பார்த்து ஓய்ந்து போகும்வரை நின்று காட்டியதும், ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளில் சிறகுள்ள குதிரையொன்று இருந்ததைக் கண்டு அண்ணலார் சிரித்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளவையே. வணக்கம் வேறு, விளையாட்டு வேறு, பெருநாள் மகிழ்ச்சி வேறு என்று பிரித்தறியும் பக்குவம் நம் முன்னோருக்கு இருந்தது. பொண்டுக்கு ஆலிம்கள் எந்த நிறுவையால் நிறுத்து அந்த ஆட்டத்தை விட்டுவைத்தனர் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே கேட்க வேண்டும். ஆயிரம் காத தூரத்திலிருந்து நான் தீர்ப்பளிப்பது முறையன்று.

எல்லாவிடத்தும் அப்பக்குவம் இருக்கவில்லை என்பதும் மெய். கினி நாட்டுக் கடற்கரையில் வாழும் பாகா மக்களிடையே 1956, 57-ஆம் ஆண்டுகளில் ஓர் இஸ்லாமியப் பிரசாரகர் ஊர் ஊராகச் சென்றார். புனிதத் தோப்புகள் வெட்டப்பட்டன, சடங்குப் பொருள்கள் அழிக்கப்பட்டன. பின்னர் விடுதலை பெற்ற அரசாங்கமும் ‘மூடநம்பிக்கை ஒழிப்பு’ என்ற பெயரால் அதே பணியைத் தொடர்ந்தது. அழியாமல் எஞ்சியவை எங்குப் போயின? ஐரோப்பிய வணிகரின் கைக்கு. தாய்மையின் பெருமிதத்தைக் காட்டும் ‘டிம்பா’ என்னும் பெரிய தலைக்கோலம், ஓர் ஆள் தோளில் சுமந்து ஆடும் கனமான மரவேலை, இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் நிற்கிறது. ராமோன் சாரோ என்னும் மானிடவியலாளர் 2009-இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாற்றைப் பொறுமையாக ஆராய்ந்திருக்கிறார். அறையில் இருப்பதை உடைக்கச் சொன்னவர் நம்மவர். அதன் விலையை அறிந்து வாசலில் காத்திருந்தவர் பிறர்.

வாசலில் காத்திருந்தவரிலும் நம்மவர் உண்டு. கிறிஸ்டபர் ஸ்டைனர் என்னும் ஆய்வாளர் 1994-இல் வெளியிட்ட ‘பயணத்தில் ஆப்பிரிக்கக் கலை’ என்னும் நூல் ஐவரி கோஸ்ட்டின் முகமூடிச் சந்தையைப் படம்பிடிக்கிறது. செதுக்குவோர் பெரும்பாலும் வேறு சமயத்தவர். சிற்றூர்களில் வாங்கி அபிஜான் நகருக்குக் கொணர்ந்து வெள்ளையருக்கு விற்போர் பெரும்பாலும் முஸ்லிம்கள் — ஹவுஸாக்கள், வொலோஃப்கள், மாண்டே வணிகர்கள். புதிய மரத்துக்குப் புகையும் மண்ணும் ஏற்றிப் பழமை வருவிக்கும் தந்திரங்களும் அந்நூலில் வருகின்றன. வாங்குபவர் தேடுவது ‘ஆடப்பட்ட’ முகமூடியை. ஆகவே வியர்வைக் கறையும் தேய்மானமும் செயற்கையாக உண்டாக்கப்படுகின்றன. விற்பனைப் பண்டத்தின் குறையை மறைப்பது ஹராம் என்று ஐந்தாண்டு ஓதிய எந்த மாணவனும் சொல்வான். ஆயினும் எனக்கு அந்த வணிகரைவிட வாங்குபவர்மேல்தான் வியப்பு. ஆட்டம் நின்றுவிட்ட பொருளே அவருக்கு வேண்டும். ஆடியதற்கான அடையாளமும் அதன்மேல் வேண்டும். ஆட்டம் மட்டும் வேண்டா.

இனி, உடைமை பற்றிய வழக்கு. ‘அவை விக்கிரகங்கள்தாமே, எங்கிருந்தால் நமக்கென்ன?’ என்று நம்மவர் சிலர் கேட்கக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்காக இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில், கஸ்பு என்னும் அபகரிப்புப் பாடத்தைத் திறக்கிறேன். விக்கிரகத்தின் வடிவத்தைக் குலைத்தவன்மீது இழப்பீடு இல்லை என்று அங்கு இருக்கிறது, உண்மைதான். அதிலும், கண்மூடித்தனமாக நொறுக்கலாகாது, பொருத்தியதைப் பிரித்து விட்டால் போதும் என்ற கருத்தே வலுவானது என்றும் இருக்கிறது. ஆனால் அதற்குச் சற்று முன்னர் இமாமவர்கள் மது பற்றிக் கூறுவதைப் பாருங்கள். மது நமக்கு விலக்கப்பட்டது. நம்மிடம் அதற்கு விலைமதிப்பே இல்லை. ஆயினும் நம் பாதுகாப்பில் வாழும் பிற சமயத்தவன், பிறர் காணக் குடிக்காமலும் விற்காமலும் வைத்திருக்கும் மதுவைக் கொட்டலாகாது. பறித்திருந்தால், அப்பொருள் இருக்கும்வரை அவனிடமே திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். எனக்கு மதிப்பற்றது என்பதால் அவனுக்கு உரிமையற்றதாகிவிடாது. ஹனபி இமாம்களோ ஒரு படி மேற்சென்று, அழித்தால் ஈடும் கொடு என்றனர்.

இதே பாடத்தில் இன்னும் இரண்டு சட்டங்கள் இவ்வழக்குக்காகவே எழுதி வைத்தனபோல் இருக்கின்றன. ஒன்று: அபகரித்தவனிடமிருந்து கைமாறிப் பெற்றவன், அது அபகரித்த பொருள் என்று அறியாதவனாயினும், அவன் கையும் பொறுப்பேற்கும் கையே. ‘நான் ஏலத்தில் பணம் கொடுத்து வாங்கினேன்’ என்ற சேகரிப்பாளரின் வாதத்துக்கு இதுவே மறுமொழி. மற்றொன்று: ஒருவன் பிறன் மரக்கட்டையைப் பறித்து அதன்மேல் கட்டடம் எழுப்பிவிட்டால், அக்கட்டையை வெளியே எடுத்துக் கொடுக்க வேண்டும். மாணவர்களுக்கு இவ்வரியை நடத்தும்போதெல்லாம், பாரிஸிலும் பெர்லினிலும் எழும்பி நிற்கும் மாளிகைகளும் அவற்றுக்குள் இருக்கும் மரங்களும் என் மனத்தில் வந்துபோகும். நான் ஃபத்வா கொடுக்கவில்லை. மதுவின் சட்டத்தை முகமூடிக்கு அப்படியே பொருத்த முடியுமா என்பதில் வாதிட இடமுண்டு. ஃபிக்ஹு வல்லார் வாதிடட்டும். ‘விக்கிரகம்தானே’ என்ற ஒரு சொல்லோடு வழக்கை முடிக்க நம் சட்டநூல் இடந்தரவில்லை என்பதே என் வாதம்.

மேலும், பறிபோனவை முகமூடிகள் மட்டும் அல்ல. 1890-இல் பிரெஞ்சுத் தளபதி ஆர்ஷினார் ஸெகு நகரைக் கைப்பற்றியபோது, அல்ஹாஜ் உமர் தால் அவர்களின் வழிவந்தோர் காத்துவைத்த நூலகத்தையும் எடுத்துச் சென்றார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட அரபுத் தொகுதிகள். அவை இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. 1985-இல் விரிவான பட்டியலும் அச்சாயிற்று. உமர் தால் அவர்களுடையது எனப்படும் வாளை மட்டும் 2019 நவம்பரில் பிரெஞ்சுப் பிரதமர் டக்கார் சென்று செனகல் அதிபர் கையில் கொடுத்தார். முதலில் இரவலாக, 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் நிரந்தரமாக. வாளைக் கொடுப்பது எளிதாயிருந்தது. கிதாபுகளைப் பற்றிப் பேச்சு அவ்வளவாக எழவில்லை. நம் பத்திரிகைகளிலும் எழவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அஸாந்தி நாட்டுப் போர்ச்சட்டையும் இத்தகையதே. உடல் முழுதும் தோற்பைகள் தைத்த அச்சட்டை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உண்டு. அப்பைகளுக்குள் இருப்பவை அரபு எழுதிய தாள்கள். நம் பக்கத்தில் இஸ்ம் எழுதித் தாயத்தில் அடைத்துக் கட்டுவதை அறிந்தவர்க்கு அதில் புதுமையில்லை. அதுபற்றிய கண்டனமும் நமக்குப் புதிதன்று. 1820-இல் குமாசி சென்ற டூப்யுயி என்னும் ஆங்கிலத் தூதர், அம்மன்னரே அரபு எழுத்து நிறைந்த துணி போர்த்தியிருந்ததை எழுதியிருக்கிறார். முஸ்லிமல்லாத அரசர், முஸ்லிம் ஆலிமின் எழுத்தை உடலில் தரித்து அவை நடத்தினார். இதைக் ‘குலக்குழுக் கலை’ என்று வகைப்படுத்தும்போது எழுதியவரும் எழுத்தும் சேர்ந்தே மறைகின்றனர். கல்வியறிவுள்ள எந்த லெப்பையும் வாசிக்கக்கூடிய எழுத்து அங்கு வெறும் அலங்காரக் கோடாகிவிடுகிறது.

துணி என்றதும் நம் நாட்டுக்கே உரிய ஒரு செய்தி. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களுக்குப் பிறப்பு, திருமணம், இறப்பு அனைத்திலும் இன்றியமையாத துணி ‘இஞ்சிரி’ எனப்படும் கட்டம் போட்ட பருத்தித் துணி. அது அங்கு நெய்யப்பட்டதன்று. தென்னிந்தியத் தறிகளில் நெய்து, ‘மதராஸ் கைக்குட்டை’ என்று கப்பலேறிய துணி. பழவேற்காட்டின் பெயரை உலகெங்கும் பரப்பிய கைலித் துணிக்கு நெருங்கிய உறவு. கலபாரிப் பெண்டிர் அதை அப்படியே உடுத்துவதோடு நின்றாரில்லை. சிறு கத்தியால் துணியின் நூல்களைத் தேர்ந்து நறுக்கி உருவி, கட்டங்களுக்குள் புதிய வடிவங்களைத் தோற்றுவித்தனர். ‘பெலேதே பிதே’ என்பது அதன் பெயர். நெய்து முடித்த துணியிலிருந்து நீக்குவதாலேயே புதிய துணி படைக்கும் இக்கலை எனக்குப் பெருவியப்பைத் தருகிறது. ஜோன் ஐகர் என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் அவருடன் உழைத்த கலபாரி அறிஞர் தோன்யே எரெகோசிமாவும் 1980-களில் இதனை ஆராய்ந்து எழுதினர். இத்துணியைச் சேகரிப்பாளர் எந்த அறையில் வைப்பார்? ‘கலப்பற்ற ஆப்பிரிக்கம்’ என்பதே அவர் தேடும் பண்டம். சென்னைக் கரையின் தறியும் கலபாரிப் பெண்ணின் கத்தியும் ஒரே துணியில் இருக்கையில், கலப்பற்றது எது என்று அவரே சொல்லட்டும்.

திருப்பிக் கொடுக்கும் காலம் தொடங்கிவிட்டது என்பர். 1892-இல் அபோமே அரண்மனையிலிருந்து கொள்ளை போனவற்றில் 26 பொருள்களைப் பிரான்ஸ் 2021-இல் பெனின் குடியரசுக்குத் திருப்பியது. பிரெஞ்சு அதிபரின் கட்டளைப்படி ஃபெல்வீன் ஸாரும் பெனெடிக்ட் ஸவுவாவும் 2018-இல் அளித்த அறிக்கையோ, பிரெஞ்சுப் பொது அருங்காட்சியகங்களில் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளின் பொருள்கள் ஏறத்தாழ 90,000 இருப்பதாகக் கணக்கிட்டது. 26-ஐ 90,000-த்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தனியார் வீடுகளில் இருப்பவை இக்கணக்கில் சேரா.

அத்தகைய ஒரு வீட்டின் கதை அண்மையில் நீதிமன்றம் ஏறிற்று. காபோன் நாட்டு ஃபாங் மக்களின் ‘ங்கில்’ முகமூடி ஒன்று, குடியேற்ற ஆட்சிக்கால ஆளுநர் ஒருவர் கொண்டுவந்தது, தென் பிரான்ஸில் ஒரு பழைய வீட்டின் பரணில் கிடந்தது. வீட்டுக்குரிய முதிய தம்பதியர் பழம்பொருள் வணிகர் ஒருவருக்கு அதனை 150 யூரோவுக்கு விற்றனர். 2022 மார்ச்சில் மோன்பெலியே நகரில் அது ஏலம் போன விலை 42 லட்சம் யூரோ. ஏல அறையிலேயே காபோன் நாட்டவர் எழுந்து, இது எங்களுடையது, திருப்பிக் கொடுங்கள் என்று குரலெழுப்பினர், ஏலம் நிற்கவில்லை. தம்பதியர் ஏமாற்றப்பட்டோம் என்று வழக்குத் தொடுத்தனர். காபோன் அரசும் வழக்கில் நுழைந்தது. 2023 டிசம்பரில் அலேஸ் நகர நீதிமன்றம் இருவர் கோரிக்கையையும் தள்ளியது; பொருளின் மதிப்பைத் தாமே விசாரித்தறியாதது தம்பதியரின் குறை என்றது. ங்கில் முகமூடியை அணிந்தோர் ஃபாங் ஊர்களில் குற்றவாளியைக் கண்டறிந்து தண்டிக்கும் அதிகாரம் பெற்றிருந்தவர்கள். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் அந்த நீண்ட வெண்முகம் வந்து நின்றால் பொய் சொன்னவன் நடுங்குவானாம். பிரெஞ்சு ஆட்சி அச்சபையைத் தடைசெய்தது. அதன்பின் அம்முகமூடி எந்த ஊரிலும் ஆடவில்லை.